மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன்: உணவைப் பற்றிய கூற்றுகளைச் சோதித்துப் பார்த்தவர்

மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய வறண்ட நிலப்பகுதிகளில் கம்பும் சோளமும் நெடுங்காலம் அன்றாட உணவாக இருந்தன. அவற்றை மீண்டும் உண்ண வேண்டும் என்னும் ஆர்வம் இன்று பெருகியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆயினும் பழைய உணவைப் போற்றும் பேச்சோடு வேறு சில கூற்றுகளும் வீடுகளுக்குள் வந்து சேர்கின்றன. அயோடின் கலந்த உப்பு கேடு விளைவிக்கும், இந்துப்பும் கல்லுப்புமே தைராய்டு நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் ஏற்றவை என்பது அவற்றுள் ஒன்று. கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் இதனை நம்பி உப்பை மாற்றினால், பாதிப்பு பிறக்கவிருக்கும் குழந்தையைச் சென்றடையலாம்.

இத்தகைய கூற்றுகளை எவ்வாறு எடைபோடுவது? தமிழ்நாட்டின் குன்னூரில் உணவு ஆய்வைத் தொடங்கிவைத்த மருத்துவர் ராபர்ட் மெக்கரிசனின் வாழ்க்கை இதற்கு வழிகாட்டுகிறது. அவர் சரியாகக் கண்டறிந்தவையும், தவறாக முடிவு செய்ததும் நமக்குப் பாடமாகின்றன.

கில்கிட்டில் ஒரு சோதனை

மெக்கரிசன் 1878 மார்ச் 15 அன்று அயர்லாந்தின் போர்ட்டடவுன் நகரில் பிறந்தார். பெல்ஃபாஸ்டில் மருத்துவம் பயின்று, 1901-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். வடமேற்கு மலைப்பகுதியான சித்ராலிலும், பின்னர் கில்கிட்டிலும் பணியாற்றினார்.

கில்கிட் சிற்றூர்களில் காய்ட்டர் எனப்படும் முன்கழுத்துக் கழலை பரவலாகக் காணப்பட்டது. ஒரே வாய்க்கால் நீர் ஊர் ஊராகக் கீழிறங்கிச் சென்றது; கீழே செல்லச் செல்லக் கழலையும் மிகுந்தது. நீரில் கலந்த அழுக்கே காரணம் என மெக்கரிசன் கருதினார். கருதியதோடு நில்லாமல் அதனைச் சோதித்தார். அந்நீரை வடிகட்டிக் கிடைத்த வண்டலை அவரும் தன்னார்வலர் சிலரும் அருந்தினர். மற்றொரு குழுவினர் அதே வண்டலைக் கொதிக்கவைத்து அருந்தினர். முதல் குழுவில் அவர் உட்படச் சிலருக்குக் கழுத்து வீங்கியது; இரண்டாம் குழுவில் எவருக்கும் வீங்கவில்லை. இரு குழுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் இம்முறை அக்காலத்தில் அரிதானது.

குன்னூர் ஆய்வுக்கூடம்

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோய் குறித்த ஆய்வை அவர் தொடங்கினார். உயிர்ச்சத்து பி1 குறைவதால் நரம்பும் இதயமும் பாதிக்கப்படும் நோய் அது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடலோரப் பகுதிகளில் அந்நோய் மிகுந்திருந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குவதால், தீட்டிய பின்னும் புழுங்கலரிசியில் அச்சத்து ஓரளவு எஞ்சுகிறது. அரிசி கெட்டது என்று பொதுவாகக் கூறாமல், எந்த அரிசி, எவ்வாறு பதப்படுத்தியது என்று கேட்டதே இவ்வகை ஆய்வின் பயன்.

இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், காய்கறி, சிறிதளவு இறைச்சி ஆகியன அடங்கிய பஞ்சாப் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் பால், காய்கறிகளைக் குறைவாகவும் உண்டவை நலிந்தன. ஆயினும் எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது. மனிதரிடமும் உறுதிசெய்யப்பட வேண்டும்.

1928-இல் இவ்வாய்வு முழுமையான உணவூட்ட ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. மெக்கரிசனே முதல் இயக்குநர். அது 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இயங்குகிறது. 1935-இல் ஓய்வு பெற்ற மெக்கரிசன் 1960-இல் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார்.

கூற்று கதையாக மாறிய விதம்

கில்கிட்டை அடுத்த ஹூன்சா மக்கள் நல்ல உடல்நலத்துடன் வாழ்வதாக மெக்கரிசன் எழுதியிருந்தார். அது ஒரு மருத்துவர் நேரில் கண்ட செய்தி, ஒப்பீட்டு ஆய்வன்று. பின்வந்த எழுத்தாளர்களோ, அம்மக்கள் 120 வயதுக்கு மேலும் வாழ்வதாகவும் அதற்கு அவர்களின் உணவே காரணம் என்றும் பரப்பினர். அங்கே பிறப்புப் பதிவேடே இல்லாததால் அந்த வயதுகளுக்குச் சான்று கிடையாது.

கழலைக்கு உண்மைக் காரணம்

கழலை பற்றிய மெக்கரிசனின் முடிவும் பின்னர்த் திருத்தப்பட்டது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் 1917 முதல் மருத்துவர் டேவிட் மரைனும் அவரது துணைவரும் பள்ளி மாணவியரிடம் ஆய்வு செய்தனர். அயோடின் பெற்ற 2,190 பேரில் 5 பேருக்கு மட்டுமே கழலை தோன்றியது. பெறாத 2,305 பேரில் 495 பேருக்குத் தோன்றியது.

குன்னூர் ஆய்வுக்கூடத்திலேயே முன்னர்ப் பணியாற்றிய மருத்துவர் வி. ராமலிங்கசுவாமியும் அவரது குழுவினரும் 1950-களில் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் இதனைப் பெரிய அளவில் ஆராய்ந்தனர். அயோடின் உப்பு வழங்கிய பகுதிகளில் கழலை குறைந்தது. சாதாரண உப்பு வழங்கிய பகுதியில் குறையவில்லை. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. முதன்மைக் காரணம் அயோடின் குறைவே என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

நோயாளரும் பராமரிப்பவரும் அறிய வேண்டியவை

• கடலிலிருந்து கிடைப்பதால் கல்லுப்பில் போதிய அயோடின் இருக்கும் என்பது சரியன்று. அயோடின் சேர்க்காத கல்லுப்பிலும் இந்துப்பிலும் அது மிகக் குறைவே. விற்பனையாகும் உணவு உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருத்தல் வேண்டும். உறையில் அயோடின் உப்புக்கான குறியைப் பார்த்து வாங்குங்கள். ஈரம் படாமல் மூடிவையுங்கள்.

• கருவில் வளரும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் இன்றியமையாதது.

• இந்துப்பிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பின் வகையை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பதே பயன் தரும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டு, இருக்க வேண்டும்.

• தைராய்டு நோயாளர் தாமாகவே அயோடின் உப்பை நிறுத்த வேண்டாம். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன் சிலருக்கு மட்டும் குறுகிய காலக் கட்டுப்பாட்டை மருத்துவர் அறிவுறுத்துவார்.

• ஓர் உணவு நோயைத் தீர்க்கும் என்று கேள்விப்பட்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அதனை உண்டவர்களோடு உண்ணாதவர்களை ஒப்பிட்டார்களா? மனிதரிடம் சோதித்தார்களா? வேறிடத்தில் பிறர் சோதித்தபோதும் அதே விளைவு கிடைத்ததா? விடை தெரியும்வரை மருந்தையோ உப்பையோ மாற்றாமல், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள்.