புலியைச் சுட்டவர் பெயரில் புலிக் காடு!

436 பேர்!

இத்தனை பேரையும் கொன்றது ஒரே ஒரு புலி. அது பெண் புலி.

முதலில் அது நேபாள நாட்டில் இருந்தது. அங்கே 200 பேரைத் தின்றது. ஆட்களைத் திரட்டி விரட்டினார்கள். எல்லையைத் தாண்டி இந்தியாவுக்குள் புகுந்தது. இமயமலைச் சாரலில் குமாவோன் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே மேலும் 236 பேரைக் கொன்றது.

1907-ம் ஆண்டு அந்தப் புலியைச் சுட்டு வீழ்த்தியவர் ஜிம் கார்பெட்.

இன்று அதே மலைச் சாரலில் புலிகளுக்கென்று ஒரு காடு இருக்கிறது. அதற்குக் கார்பெட்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சுட்டவர் பெயரையா வைப்பது என்று கேட்பீர்கள். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

போஸ்ட்மாஸ்டர் மகன்

ஏரிகள் நிறைந்த நைனிதால் நகரில் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி கார்பெட் பிறந்தார். தந்தை அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர். வெள்ளைக்காரக் குடும்பம்தான். ஆனால் பெரிய பணக்காரர்கள் அல்ல. பிள்ளைகளோ அதிகம்.

கார்பெட்டுக்கு 6 வயது நடக்கும்போது தந்தை இறந்துபோனார். தாயார்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

கோடைக்கு நைனிதால். குளிர் காலத்துக்கு மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கி. அங்கே வீட்டை விட்டு இறங்கினால் காடு. சிறுவன் கார்பெட்டுக்கு அந்தக் காடுதான் பள்ளிக்கூடம். கையில் முதலில் கவண், பிறகு வில், அதன் பிறகு ஒரு பழைய துப்பாக்கி. அதில் ஒரு குழாய் வெடித்துப்போய் இருந்தது. பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள்!

எந்தப் பறவை எப்படிக் கத்தும், எந்தக் காலடி எந்த மிருகத்துடையது, அது போய் எவ்வளவு நேரம் ஆயிற்று, எல்லாம் அவனுக்குத் தெரியும்.

வளர்ந்ததும் ரெயில்வேயில் வேலை கிடைத்தது. பீகாரில் கங்கைக் கரையில் மொகாமா காட் என்ற இடம். அப்போது அங்கே ஆற்றுக்குப் பாலம் கிடையாது. ரெயிலில் வரும் சரக்கை இறக்கி, படகில் அக்கரை சேர்த்து, மறுபடியும் ரெயிலில் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையைக் காண்டிராக்டு எடுத்து 20 ஆண்டுகளுக்கு மேல் செய்தார். ஆரம்பத்தில் கூலிகளோடு கூலியாகத் தானும் நின்று பாடுபட்டார்.

லீவு கிடைத்தால் ஊருக்கு ஓடிவிடுவார். அப்படி வந்தபோதுதான் ஆட்கொல்லிப் புலியைச் சுடும்படி சர்க்கார் அழைத்தது.

இரண்டு நிபந்தனைகள்

கார்பெட் ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டு நிபந்தனை போட்டார். புலியின் தலைக்கு வைத்த பரிசுப் பணத்தை ரத்து செய்யவேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும்.

பரிசுக்காகச் சுடுகிறவன் என்ற பெயர் அவருக்கு வேண்டாம்.

புறப்பட்டுப் பாலி என்ற கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். தெருவில் ஒரு ஆள் இல்லை. 5 நாட்களுக்கு முன் ஒரு பெண்ணைப் புலி கொண்டுபோயிருந்தது. அன்று முதல் கதவைத் திறக்க யாருக்கும் துணிவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு ஊமைப் பெண்ணையும் அவர் பார்த்தார். பிறவி ஊமை அல்ல. ஒரு வருஷத்துக்கு முன் அவளுடைய உடன்பிறந்தவளைப் புலி கவ்விச் சென்றது. இவள் கையில் அரிவாளோடு புலியின் பின்னாலேயே ஓடினாள். புலி திரும்பிச் சீறியது. ஓடிவந்து வீட்டில் விழுந்தவளுக்குப் பேச்சு போய்விட்டது.

கார்பெட் புலியைத் தேடிச் சம்பாவத் என்ற ஊருக்குப் போனார். அங்கே 16 வயதுப் பெண் ஒருத்தி பலியானாள். ரத்தச் சுவட்டைப் பிடித்துக்கொண்டே கார்பெட் பள்ளத்தாக்குக்குள் இறங்கினார். புலி அங்கேதான் இருந்தது. மறுநாள் தாசில்தாரின் உதவியோடு சுமார் 300 கிராமத்தார் கூடினார்கள். தமுக்கு அடித்தார்கள், கூச்சல் போட்டார்கள், பாறைகளை உருட்டினார்கள். புலி வெளியே வந்தது.

கார்பெட் கொண்டுவந்தது மூன்றே தோட்டா. மூன்றும் தீர்ந்தன. அடிபட்ட புலி பாறை மேல் நிற்கிறது! ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியைப் பிடுங்கி வந்து சுட்டார். புலி சாய்ந்தது.

அதன் தோலைக் கொண்டுபோய் ஊமைப் பெண்ணின் வீட்டு முன் விரித்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது! கணவனையும் ஊராரையும் கூவி அழைத்தாள்.

பல்லில் இருந்த ரகசியம்

செத்த புலியின் வாயைக் கார்பெட் திறந்து பார்த்தார். வலது பக்கத்துக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. முன்பு யாரோ சுட்ட குண்டு செய்த வேலை. பல் போன புலி மானை எப்படிப் பிடிக்கும்? மனிதனைப் பிடித்தது.

முக்தேசர் என்ற இடத்தில் அவர் சுட்ட இன்னொரு பெண் புலிக்கு ஒரு கண் இல்லை. காலில் சுமார் 50 முள்ளம்பன்றி முட்கள் ஏறியிருந்தன.

காயம் பட்டதாலோ முதுமையாலோதான் புலி மனிதனைத் தேடி வருகிறது என்று அவர் எழுதினார். அதிலும் பல காயங்கள் மனிதனே செய்தவை. அவர் மனம் மாறியதற்கு இந்தப் பற்களும் முட்களும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை வழியில் 8 ஆண்டுகளில் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையையும் அவர்தான் சுட்டார். ஒரு மாமரத்தில் இரவு இரவாகக் காத்திருந்து 1926-ம் ஆண்டு மே மாதம் அதை முடித்தார். கிழட்டுச் சிறுத்தை, பற்கள் தேய்ந்திருந்தன.

பிறகு கேமராவை எடுத்தார். சினிமாப் படம் பிடிக்கும் கேமரா. அது ஓடினால் சத்தம் கேட்கும், புலி ஓடிவிடும். கார்பெட் ஓடையில் அங்கங்கே சிறு அணை கட்டினார். தண்ணீர் விழும் ஓசையில் கேமராச் சத்தம் அமுங்கியது! பல மாதம் பொறுத்திருந்து ஏழு புலிகளைப் படம் எடுத்தார்.

புலிகளுக்குத் தனிக் காடு வேண்டும் என்று முயற்சி செய்தவர்களில் அவரும் ஒருவர். 1936-ம் ஆண்டு ராமகங்கை ஆற்றங்கரையில் அந்தக் காடு ஏற்பட்டது. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அதுதான். முன்பு கவர்னராக இருந்த ஹெய்லியின் பெயரை வைத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகும் வைசிராய் வேட்டைக்கு வந்தபோது ஏற்பாடு செய்துகொடுத்தவர் இதே கார்பெட்தான். பழைய பழக்கம் ஒரு நாளில் போய்விடவில்லை.

பிரிந்தார்

கார்பெட் கலியாணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி மேகிதான் துணை. காலாதுங்கிக்குப் பக்கத்தில் சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தை வாங்கிக் குடியானவர்களைக் குடியேற்றினார். காட்டு மிருகங்கள் பயிரை அழிக்காதபடி சுற்றிலும் கல் சுவர் கட்டினார்.

1944-ல் குமாவோன் ஆட்கொல்லிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது. உலகமெல்லாம் அவர் பெயர் பரவியது.

1947-ல் நாடு விடுதலை அடைந்தது. அக்காவும் தம்பியுமாக இருந்த மேகியும் அவரும் அந்த ஆண்டு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அப்போது கார்பெட்டுக்கு வயது 72. பிறந்த மண்ணை விட்டு அந்த வயதில் போவது யாருக்கும் சுலபம் அல்ல. கிராமத்து நிலத்தை உழுதவர்களுக்கே விட்டுவிட்டார். கென்யாவில் இருந்துகொண்டே சாகும்வரை அந்தக் கிராமத்தின் நிலவரியைக் கட்டி வந்தார்.

1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி கென்யாவில் நியேரி என்ற ஊரில் காலமானார். கல்லறையும் அங்கேயே.

அவர் இறந்த பிறகு சுதந்திர இந்தியா அந்தக் காட்டுக்குக் கார்பெட் தேசியப் பூங்கா என்று பெயரிட்டது. 1973-ல் புலிகளைக் காக்கும் திட்டமும் அங்கேதான் தொடங்கியது. யானை, புள்ளிமான், கடம்பை மான், ஆற்றில் முதலை, எல்லாம் அங்கே உண்டு. 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி அந்தக் காப்பகத்தில் 260 புலிகள். இந்தியாவில் வேறு எந்தக் காப்பகத்திலும் இவ்வளவு இல்லை.

காலாதுங்கியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது காட்சிசாலை. கிராமத்தைச் சுற்றி அவர் கட்டிய சுவரில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது.