சிரிக்க வைத்தே திருத்தப் பார்த்தவர்

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? கறுப்பு வெள்ளைப் படக் காமெடியன், அவ்வளவுதானே? விழுப்புரம், திண்டிவனம் பக்கம் படிக்கிற நாம அவரைத் தெரிஞ்சுக்க இன்னொரு காரணமும் இருக்கு.

1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன், வில்லுப்பாட்டுக் கலைஞனாகி, டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் நடிகரானார். 1936-ல் வெளிவந்த அவரது ஆரம்பகாலப் படம் 'சதி லீலாவதி', குடியால் சீரழியும் ஒருத்தனின் கதைதான்.

புகழின் உச்சியில், 1944-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். 1947-ல்தான் விடுதலை. அப்போ மாகாணத்தை ஆண்டவர் நம்ம திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க்காரர், ராமசாமி ரெட்டியார். 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது.

சட்டம் கடையை மூடும். ஆனா குடிக்கணும்ங்கிற நினைப்பை மூடுமா? அந்த வேலையைக் கலைவாணர் கையில் எடுத்தார். 1949-ல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி' படத்தில் நடித்து, மதுவிலக்கைச் சிரிப்போடு சேர்த்து ஊர் ஊராகக் கொண்டுபோனார். நம்ம ஊர்த் தெருக்கூத்துக் கட்டியங்காரனை யோசிச்சுப் பாருங்க. யாரையும் நேராகக் குத்தமாட்டான். ஆனா சிரிச்சு முடிச்சதும், நம்மளைத்தான் சொன்னானோன்னு உறைக்கும். கலைவாணர் வழியும் அதுதான். குடிகாரனை வெறுக்க வைக்காமல், குடியைப் பார்த்துச் சிரிக்க வைத்தார்.

1957 ஆகஸ்ட் 30-ல் மறைந்தபோது அவருக்கு 49 வயசுகூட நிரம்பல. 1971-ல் மதுவிலக்கும் தளர்ந்தது. 2023 மே மாதம் நம்ம மாவட்டத்து மரக்காணம் பக்கம் என்ன நடந்ததுன்னு உங்களுக்கே தெரியும். மெத்தனால் கலந்த சாராயம் பத்துப் பேருக்கு மேல் உயிரை வாங்கிடுச்சு. மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரையே எடுக்கும். கெமிஸ்ட்ரி லேபில் நமக்குத் தெரிஞ்ச இந்த விஷயம், கடலுக்குப் போய்வந்து உடம்பு வலிக்காகக் குடிக்கிறவருக்கு யார் சொல்றது?

அடுத்த என்எஸ்எஸ் முகாமுக்கு நோட்டீஸ் அடிக்கிறதோடு நிறுத்தாதீங்க. பக்கத்து ஊர்க் கூத்துக் கலைஞர்களைக் கூப்பிடுங்க. கட்டியங்காரன் வாயால் மெத்தனால் கதையைச் சொல்ல வையுங்க. வாசல்ல உட்கார்ந்து சிரிக்கிற அக்காவும் அண்ணனும் அதை மறக்க மாட்டாங்க.