கொக்கோ தந்த கொல்லர்

சிறிதளவு நிலமே உடைய உழவனுக்குத் தேவைகள் இரண்டு. ஒன்று, குடும்பத்தின் பசி தீர்க்கும் உணவு. மற்றொன்று, ஆடைக்கும் மருந்துக்கும் மக்கள் கல்விக்கும் வேண்டிய பொருள். இவ்விரண்டையும் ஒரே நிலத்தினின்று பெறும் வழியை மேற்கு ஆப்பிரிக்க உழவர்க்குக் காட்டியவர் டெட்டே குவார்ஷி என்னும் பெரியார். அவர் அரசரும் அல்லர். அறிவியல் கற்றவரும் அல்லர். இரும்படித்துப் பிழைத்த கொல்லர்.

இன்று கானா என வழங்கும் நாடு, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் பொற்கரை என்னும் பொருள்பட, கோல்டு கோஸ்ட் எனப்பட்டது. அந்நாட்டின் கடற்கரைப் பகுதியில், கா இனத்து எளிய குடும்பம் ஒன்றில் 1842ஆம் ஆண்டில் குவார்ஷி பிறந்தார். பாசல் நகரத்துக் கிறித்தவ சமயத் தொண்டர்கள் நடத்திய தொழிற்கூடத்தில் கொல்லுத் தொழில் பயின்று தேர்ந்தார்.

1870ஆம் ஆண்டில் அவர் பெர்னாண்டோ போ என்னும் தீவுக்குச் சென்றார். ஸ்பெயின் நாட்டினர் ஆண்ட அத்தீவில் கொக்கோ மரங்கள் செழித்து வளர்ந்தன. தம் நாட்டு மண்ணிலும் அவை வளருமன்றோ என்று அவர் எண்ணினார். 1876ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியபோது கொக்கோ விதைகளை உடன் கொணர்ந்தார். சமயத் தொண்டர்கள் முன்னரே கொக்கோவைப் பயிரிட முயன்றும் அம்முயற்சி பரவவில்லை. குவார்ஷியோ மனந் தளராது, அக்குவாப்பிம் குன்றுப் பகுதியில் உள்ள மாம்போங் என்னும் ஊரில் 1879ஆம் ஆண்டில் தோட்டம் அமைத்தார். விதைகள் முளைத்தன, மரங்கள் காய்த்தன. தம் உறவினருக்கும் நண்பருக்கும் அவர் விதைகளை வழங்கினார்.

அக்காலத்தில் பனையெண்ணெயின் விலை வீழ்ந்து உழவர் வருந்தியிருந்தனர். அவர்களுக்குக் கொக்கோ ஏற்ற பயிராயிற்று. அதன் இளங்கன்று கடுவெயிலைத் தாங்காது, நிழல் வேண்டும். ஆதலின், உழவர்கள் கன்றுகளினூடே வாழையையும் சேம்பையும் நட்டனர். கொக்கோ காய்ப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை வாழையும் சேம்பும் கன்றுக்கு நிழலாயின, குடும்பத்துக்கு உணவாயின.

பயன் கண்ட உழவர்கள் பலர் ஒன்றுகூடிப் பொருள் திரட்டினர். காட்டு நிலங்களை விலைக்கு வாங்கித் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். இவ்வாறு சிறு உழவர்களின் கைகளாலேயே கொக்கோ நாடெங்கும் பரவியது. 1911ஆம் ஆண்டில் அந்நாடு ஏறத்தாழ 40,000 டன் ஏற்றுமதி செய்து, உலகில் முதலிடம் பெற்றது. அவ்வருவாயால் பலர் வீடு கட்டினர். தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பினர்.

எனினும், விளைப்பவன் ஒருவன், விலை குறிப்பவன் வேறொருவன் என்னும் நிலை துன்பம் தந்தது. 1937ஆம் ஆண்டில் அயல்நாட்டு வணிக நிறுவனங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு விலையைக் கட்டுப்படுத்த முற்பட்டன. உழவர்கள் ஒன்றுபட்டுக் கொக்கோவை விற்க மறுத்தனர். ஒற்றுமையின் வலிமையை அன்று உலகம் கண்டது.

இவ்வளர்ச்சியைக் காணும் பேறு குவார்ஷிக்குக் கிட்டவில்லை. அவர் 1892ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இயற்கை எய்தினார். மாம்போங்கில் 1961ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மாணவர்களே, குவார்ஷி கொணர்ந்தவை சில விதைகளே. அவற்றைத் தமக்கென்றே பூட்டி வைத்திருப்பின், ஒரு தோட்டமே வளர்ந்திருக்கும். பிறரோடு பகிர்ந்தமையால் ஒரு நாடே வளர்ந்தது. நாம் பெற்ற நன்மை சிறிதாயினும், அதனைப் பிறர்க்கும் பயன்படச் செய்வோமாக.