பன்மொழி கற்ற முன்ஷி அப்துல்லா

கோலாலம்பூரில் முன்ஷி அப்துல்லா பெயரால் ஒரு சாலை உண்டு. அவர் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

அவர் 1796ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்தார். கொள்ளுப்பாட்டனார் ஏமன் நாட்டு அரபியர். நாகூரில் மணம் புரிந்தவர்.

அக்காலத்தில் இந்நாட்டில் பல்கலைக்கழகம் இல்லை. ஆயினும் அப்துல்லா திருக்குர்ஆன் வழியே அரபு மொழி பழகினார். கணக்கு எழுதவும் வணிகரோடு உரையாடவும் தமிழ் பயின்றார். மலாய் மொழியை முயன்று கற்றுத் தேர்ந்தார். கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அம்மொழியைக் கற்பித்தமையால், ஆசிரியர் எனப் பொருள்படும் ‘முன்ஷி’ என்னும் பெயர் பெற்றார். அவர் எழுதிய தன்வரலாறு 1849இல் அச்சேறியது. 1854இல் மக்கா யாத்திரை சென்றபோது காலமானார்.

இன்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் அரபும் தமிழும் கற்பிக்கப்படுகின்றன. தாய்மொழியை ஊன்றிக் கற்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்வாயில் எட்டாததன்று. ஆதலின் பெற்றோரே, பிள்ளைகளின் படிப்பை இடையில் நிறுத்தாதிருப்போமாக!