கங்காசாகரில் வீழ்ந்த வீரர் ஆல்பர்ட் எக்கா

டிசம்பர் 3 என்றதும் எங்கள் பகுதி மக்களுக்குக் கோட்டாற்றுச் சவேரியார் திருவிழாவே நினைவுக்கு வரும். வள்ளியூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பேருந்தேறிச் செல்வர். அதே நாள் நம் நாட்டின் ஒரு பெருவீரரை நினைவுகூரும் நாளும் ஆகும் என்பதை மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டுதான் அறிந்தோம். பரமவீர சக்கரம் பெற்ற லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்காவே அவ்வீரர். அவரது வாழ்வைச் சுருக்கமாகக் காண்போம்.

1942-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் ஜாரி என்னும் மலைக்காட்டுச் சிற்றூரில் ஜூலியஸ் எக்கா, மரியம் எக்கா ஆகியோரின் மகனாக ஆல்பர்ட் பிறந்தார். அன்று பீகாரைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தின் கும்லா மாவட்டத்தில் உள்ளது. அவரது குடும்பம் ஓராவோன் என்னும் பழங்குடியைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். 1885-இல் அப்பகுதிக்கு வந்த பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், நிலத்தை இழந்து தவித்த பழங்குடி மக்களுக்கு வழக்குமன்றங்களில் துணை நின்றார். அதன்பின் அம்மக்களுள் பல்லாயிரவர் திருமறையைத் தழுவினர்.

ஓராவோன் மக்களின் தாய்மொழி குருக். அது நம் தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நான் என்பதற்கு அவர்கள் ஏன் என்பர். நீ என்பதற்கு நீன் என்பர். இதை அறிந்தபோது, எங்கோ வடக்கே பிறந்த அவர் எங்கள் உறவினர் போலவே தோன்றினார்.

இளமையில் வில்லும் அம்பும் ஏந்திக் காட்டில் வேட்டையாடுவது ஆல்பர்ட்டுக்கு வழக்கம். ஓசையின்றி நடப்பதும், மண்ணோடு மண்ணாக ஊர்ந்து செல்வதும் அவருக்குச் சிறுவயதிலேயே கைவந்தன. வளைகோல் பந்தாட்டத்திலும் அவர் வல்லவர். 1962-ஆம் ஆண்டின் இறுதியில் இருபது வயதில் பீகார் படைப்பிரிவில் சேர்ந்தார். சீனப் போர் நிகழ்ந்து ஒரு மாதமே ஆகியிருந்த காலம் அது. பின்னர் 1968-இல் கார்ட்ஸ் படையின் 14-ஆவது பட்டாளம் அமைக்கப்பட்டபோது அதற்கு மாற்றப்பட்டார்.

1971-இல் கிழக்குப் பாகிஸ்தானில் நிகழ்ந்த கொடுமைகளுக்கு அஞ்சி ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் நம் நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். டிசம்பர் 3-ஆம் நாள் பாகிஸ்தான் விமானங்கள் நமது விமானத்தளங்களைத் தாக்கவே, போர் மூண்டது. திரிபுராவின் தலைநகர் அகர்தலாவுக்கு ஏறத்தாழ ஆறரைக் கிலோமீட்டர் மேற்கே கங்காசாகர் என்னும் ரயில் நிலையம் உள்ளது. பகைவர் அங்கே வலுவான பதுங்கு குழிகளை அமைத்துக் காத்திருந்தனர். அதைக் கைப்பற்றும் பணி ஆல்பர்ட்டின் பட்டாளத்துக்குத் தரப்பட்டது.

தாக்குதல் தொடங்கியதும் ஒரு பதுங்கு குழியிலிருந்து இயந்திரத் துப்பாக்கி முழங்கியது. தோழர்கள் அடிபட்டு விழுவதைக் கண்ட ஆல்பர்ட், தம் உயிரைப் பொருட்படுத்தாமல் அக்குழியை நோக்கிப் பாய்ந்தார். துப்பாக்கி முனைக் கத்தியால் பகைவர் இருவரைக் குத்தி வீழ்த்தி, அத்துப்பாக்கியை அடக்கினார். அதில் அவருக்குப் பலத்த காயம் ஏற்பட்டது. அத்துடன் அவர் பின்வாங்கியிருந்தால் ஒருவரும் குறை கூறியிருக்க மாட்டார். ஆயினும் குருதி வழிய வழிய, ஒன்றரை மைல் தூரம் தோழர்களுடன் முன்னேறிக் குழி குழியாக வென்று சென்றார்.

வட எல்லையை அடைந்தபோது, ஒரு மாடிக் கட்டடத்திலிருந்து மற்றோர் இயந்திரத் துப்பாக்கி சுடத் தொடங்கியது. படை முன்னேற வழியின்றி நின்றது. அப்போதும் ஆல்பர்ட்டே சென்றார். தரையோடு தரையாக ஊர்ந்து கட்டடத்தை நெருங்கிக் கையெறி குண்டை வீசினார். துப்பாக்கி ஓயவில்லை. பக்கச் சுவரில் ஏறி உள்ளே குதித்து, அங்கே சுட்டுக்கொண்டிருந்தவனை வீழ்த்தினார். துப்பாக்கி ஓய்ந்தது, கங்காசாகர் நம் வசமாயிற்று. ஆனால் பட்ட காயங்களால் ஆல்பர்ட்டின் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை.

இதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் ஒரு கேள்வி எழுந்தது. பத்துக் கட்டளைகளுள் ஐந்தாவது கொலையைத் தடுக்கின்றதே. மனிதரைக் குத்திக் கொன்றவரை நாம் போற்றலாமா? சிலர் போற்றலாம் என்றோம்; சிலர் மௌனமாக இருந்தோம். அக்குழியில் மாண்டவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளே என்பதை எங்களால் மறுக்க முடியவில்லை. நெடுநேரம் பேசிய பின் ஒன்று தெளிவாயிற்று. அவர் கொன்றார் என்பதற்காக நாங்கள் அவரைப் போற்றவில்லை. பின்னால் நின்ற தோழர்களுக்கு வரவிருந்த சாவை, ஒருமுறையன்று, இருமுறை தாமே முன்சென்று ஏற்றார் என்பதற்காகவே போற்றுகிறோம். கல்லறைத் திருநாளன்று இரு தரப்பிலும் மாண்ட வீரர்களுக்காக எங்கள் வகுப்பில் செபமாலை சொன்னோம்.

1971 டிசம்பர் 16-ஆம் நாள் போர் முடிந்தது. வங்காளதேசம் விடுதலை பெற்றது. ஆல்பர்ட்டுக்கு அவரது மறைவுக்குப் பின் பரமவீர சக்கரம் வழங்கப்பட்டது. அப்போரில் இவ்விருதைப் பெற்ற நால்வருள் கிழக்கு முனையில் போரிட்டவர் அவர் ஒருவரே. இதுவரை 21 பேருக்கு மட்டுமே கிடைத்த இப்பதக்கத்தை வரைந்தளித்தவர் சாவித்திரி கானோல்கர் என்னும் பெண்மணி என்பது பெண்களாகிய நமக்குப் பெருமை. ராஞ்சியின் நடுவே ஒரு நாற்சந்தியும், அகர்தலாவில் ஒரு பூங்காவும் ஆல்பர்ட்டின் பெயரைத் தாங்கியுள்ளன. 2000-இல் அஞ்சல்தலை வெளிவந்தது. 2023-இல் அந்தமான் தீவுகளுள் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஆயினும் அவரது உடல் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. அகர்தலா அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டது. மணமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த அவர் மனைவி, சிறு மகனை வளர்த்துக்கொண்டு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கைம்பெண்ணாக வாழ்ந்து 2021-இல் மறைந்தார். பதக்கம் பெறாத வீரமும் உலகில் உண்டு என்று அதனால் உணர்ந்தோம்.

எங்கள் ஊர்ப்பக்கத்துப் பட்டாளத்தார் விடுமுறையில் இரும்புப் பெட்டியுடன் ரயிலிலிருந்து இறங்குவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அவரவர் வீட்டில் ஒரு தாயோ மனைவியோ நாளெண்ணிக் காத்திருப்பர் என்பதை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறோம். அடுத்த சவேரியார் திருவிழாவில் கோட்டாற்று ஆலயத்தில் மெழுகுதிரி ஏற்றும்போது, ஆல்பர்ட் எக்காவுக்கும் ஒன்று ஏற்றுவோம். இனி எந்த வீட்டுப் பிள்ளையும் போரில் மடியாத காலம் வர இறைவனை இறைஞ்சுவோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி, வள்ளியூர்