பரங்கிமலையில் தொடங்கிய கர்னல் லாம்டன்

2021 டிசம்பர் வெள்ளத்தைக் கிள்ளான் வட்டாரத்து வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சாண் மேடான கடை தப்பியது. பக்கத்துக் கடையில் அரிசி மூட்டைகள் நனைந்தன. தரையின் உயரம் எத்தனை பெரிய விஷயம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அவ்வுயரத்தை ஒழுங்காக அளந்த முன்னோடிகளில் ஒருவர் வில்லியம் லாம்டன்.

அன்னார் இங்கிலாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கணிதத்தில் மிகுந்த ஆவல் கொண்டவர். 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிராகப் போரிட்ட படையில் இருந்தார். ஆகவே நம்மவர்க்கு அவர் மீது பாசம் எழ நியாயமில்லை. ஆயினும் அவர் செய்த வேலையை மறைப்பது தர்மமல்ல. அப்போரில் ஓர் இரவு படை திசை தவறிப் பகைவர் பக்கமே நடந்ததை, வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து எடுத்துச் சொன்னவர் அவரே.

1802 ஏப்ரல் 10-ந் தேதி சென்னைப் பரங்கிமலையருகே நூறு அடி எஃகுச் சங்கிலியால் நிலத்தை அளக்கலானார். ஏழரை மைலை அளக்க 57 நாட்கள் பிடித்தன. அவருக்கு வந்த கோணமானி அரை டன் கனம். அதை வழியில் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டு போய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பினர். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் அதை ஏற்றுகையில் கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கிற்று. வேறொருவராயின் வேலையையே விட்டிருப்பார். லாம்டனோ ஆறு வாரம் கூடாரத்தில் அடைந்து கிடந்து, தம் கையாலேயே அதைச் சீர் செய்தார்.

சென்னைக் கடலிலிருந்து உயரங்களைக் கணக்கிட்டுக்கொண்டே மங்களூர்க் கடலை எட்டி, கணக்கைச் சரி பார்த்தார். பெங்களூர்ப் பக்கம் தூக்குக்குண்டு நேரே தொங்காமல் சற்று விலகுவதையும் கண்டார். பூமிக்கடியில் கனமான பொருள் இருந்து இழுக்கிறது என்று ஊகித்தார்.

இன்றைய துணைக்கோள் கருவியின் சிக்கலும் இதுவேதான். அக்கருவி காட்டும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல, கணிதத்தில் வரைந்த ஒரு முட்டை வடிவத்திலிருந்து. பூமியின் ஈர்ப்பு இடத்துக்கிடம் மாறுவதால் கடலும் அவ்வடிவத்துக்கு ஒத்து நிற்பதில்லை. சென்னைக் கடற்கரையில் நின்றால் பூஜ்யத்துக்குக் கீழே எண்பது மீட்டருக்கு மேல் காட்டும்! இடத்துக்கேற்ப அவ்வித்தியாசத்தைக் கழித்தால்தான் தண்ணீர் எப்பக்கம் ஓடும் என்பது விளங்கும். மலேசியத் தீபகற்பத்தில் போர்ட் கிள்ளானில் 1984 முதல் 1993 வரை அளந்த சராசரிக் கடல்மட்டமே உயரத்துக்கு ஆதாரம். கடைக்கு நிலம் வாங்குவோர், அளவைக்காரர் தரும் எண் இவ்விரண்டில் எது என்று கேட்டுக்கொள்வது நலம்.

லாம்டன் 1823 ஜனவரியில், நாகபுரி செல்லும் வழியில் ஹிங்கன்காட்டில் காலமானார். வேலையை ஏற்ற எவரெஸ்ட், அவருடைய அளவுகளையும் சேர்த்துப் பூமியின் வடிவைக் கணக்கிட்டார். அக்கணக்கைச் சிறிது திருத்தியே மலாயா நில அளவையிலும் நெடுங்காலம் கையாண்டனர். எவரெஸ்டின் கருவிகளைச் செப்பனிட்டுத் தந்தவர் ஆற்காட்டு சையது மீர் முஹ்சின் ஹுசைன் ஆவார்.