பிள்ளைகளுக்காகப் பேசிய பெருமாட்டி

நான் பிறந்தது கோலார் தங்கவயலிலுள்ள பாலகாட். 2001ஆம் ஆண்டில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் எங்கள் பெற்றோருள் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வர். இருட்டிய பின்னரே திரும்புவர். இடைப்பட்ட பொழுதில் பிள்ளைகளுக்குத் துணை யார்? தெருதான்!

பயிற்சி மாணவனாக, நன்னடத்தை அலுவலர் ஒருவருடன் எங்கள் ஊருக்கே சென்றேன். பழைய இரும்பைத் திருடியதாகப் பிடிபட்ட சிறுவனைப் பற்றிச் சமூக விசாரணை அறிக்கை எழுதவேண்டும். படிவம் கன்னடத்தில், தாய் அறிந்ததோ தமிழ். குடும்பம், பள்ளி, நண்பர், குற்றத்தின் காரணம் என்று கட்டங்கள் பல. காரணம் என்ற கட்டத்தில் தீய நட்பு என இரண்டே சொற்களைக் குறித்துக் கொடுத்தேன். வேலை முடிந்ததென மகிழ்ந்தேன்.

அந்த வாரமே மேரி கார்ப்பெண்டர் அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தேன், நாணித் தலைகுனிந்தேன்.

அம்மையார் 1807ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் பிறந்தார். தந்தையார் சமய குரு, பள்ளியும் நடத்தியவர். ஆண்பிள்ளைகளுக்கு அளித்த கல்வியையே மகளுக்கும் அளித்தார். 1833இல் பிரிஸ்டல் நகருக்கு வந்த இராசாராம் மோகன்ராயைக் கண்டதுமுதல் நம் நாட்டின்மீது அம்மையாருக்குப் பற்று வளர்ந்தது.

அந்நாளில் ரொட்டி திருடிய சிறுவனும் கொடிய கள்வனும் ஒரே சிறையில் கிடந்தனர். சிறுவன் அங்கே கற்றது என்ன? மேலும் திருடத்தான் கற்றான்! 1846இல் பிரிஸ்டலின் சேரியொன்றில், கந்தலுடுத்த பிள்ளைகளுக்கென அம்மையார் பள்ளி தொடங்கினார். அவர்களின் வீடுதோறும் சென்றார்; பசியையும் கேட்பாரற்ற நிலையையும் நேரில் கண்டார். 1851இல் சீர்திருத்தப் பள்ளிகளைப் பற்றி நூல் எழுதினார். அவ்வாண்டு பர்மிங்காமில் கூடிய மாநாட்டிற்கு வித்திட்டவர் அவரே. ஆயினும் பெண் அவையில் பேசுதல் தகாது என்ற அக்கால வழக்கத்திற்கு அஞ்சி வாய் திறவாது அமர்ந்திருந்தார். மறு ஆண்டே பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார்! 1852இல் கிங்ஸ்வுட்டில் சீர்திருத்தப் பள்ளி கண்டார். 1854இல் சிறுமியருக்கென ரெட் லாட்ஜ் பள்ளியை நிறுவினார்.

அவ்வாண்டே சட்டமும் பிறந்தது. ஆனால் பள்ளிக்கு அனுப்புமுன் பிள்ளையைப் பதினான்கு நாளேனும் சிறையில் வைக்கவேண்டும் என்றது அச்சட்டம். அம்மையார் அதை எதிர்த்தார். அவ்விதி நீங்கியதோ 1899இல்தான். அதைக் காண அவர் உயிரோடில்லை.

தம் 59ஆம் வயதில், 1866இல், முதன்முறை இந்தியா வந்தார், சென்னையையும் கண்டார். நான்கு முறை இந்நாட்டிற்கு வந்து பெண்கல்வி, சிறைத் திருத்தம், சீர்திருத்தப் பள்ளி ஆகியவற்றை வற்புறுத்தினார். 1876இல் இந்தியாவிலும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு அம்மையார் மறைந்தார்.

இன்று 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் உள்ளது. பிடிபட்ட பிள்ளையை 24 மணி நேரத்திற்குள் சிறார் நீதி வாரியத்தின் முன் நிறுத்தவேண்டும். காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ அடைக்கலாகாது. இரண்டு வாரத்திற்குள் சமூக விசாரணை அறிக்கை சேரவேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் கட்டங்களை நிரப்புவது சட்டமா? நம் கை அல்லவா!

தவணையில் சில நாட்கள் எஞ்சியிருந்தன. அலுவலரிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். இருவரும் மீண்டும் பாலகாட் சென்றோம். ஒவ்வொரு கட்டத்தையும் அத்தாய்க்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அப்பொழுதுதான் தெரிந்தது: அந்தப் பையனுக்கு நண்பரே இல்லை! தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டவன் அவன். இரும்பு விற்ற காசு அவளுடைய பகல் உணவாயிற்று.

அலுவலர் என் இரண்டு சொற்களை அடித்தார். அவ்விடத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதினார்.

நண்பர்களே! சட்டமும் சமூகப் பணியும் பயில்வோர் நம்முள் பலர். நாளை உங்கள் கையிலும் அப்படிவம் வரும். எழுதுமுன் அந்த வீட்டுத் திண்ணையில் சற்று அமருங்கள். அம்மையார் அமர்ந்தார்.